லக்கோட்டா மரத்துக்கு வைத்த உப்பு

உப்பு வைக்கச் சொன்னது நான்தான். அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பாதிக் கதையில் யாராவது, "அது சரி, இதில் இந்தக் கடைக்காரனுக்கு என்ன வேலை?" என்று கேட்டால் எனக்குக் கோபம் வரும். எனக்குக் கோபம் சீக்கிரம் வரும் என்று என் வீட்டுக்காரி பகவதி சொல்லுவாள். அவளுக்கு வராத மாதிரி.

என் பெயர் செந்தூர்பாண்டி. முத்தையாபுரத்தில் முப்பது வருஷமாகப் பலசரக்குக் கடை. கடைக்கு நேர் எதிரே செல்வதுரையின் வீடு. செல்வதுரை உப்பளத்தில் கங்காணி. பாத்தி மிதிப்பதிலிருந்து உப்பு வாரிக் குவிப்பது வரை ஆள் வைத்து வேலை வாங்குகிறவர். அவர் மனைவி விஜிலா ஹார்பர் ரோட்டில் ஒரு கப்பல் ஏஜென்சி ஆபீசில் டாக்குமென்ட் பார்க்கிறாள். ஐம்பது பக்கத்தில் ஒரு எண் மாறிக் கிடந்தாலும் அவள் கண்ணுக்குத் தப்பாது. நாசரேத்துப் பெண், படித்த வீட்டு மிடுக்கு உண்டு. பிள்ளைகள் இரண்டும் வெளியூரில் வேலைக்குப் போன பிறகு அந்த வீட்டில் மூன்று உயிர்தான். செல்வதுரை, விஜிலா, அந்த லக்கோட்டா மரம்.

லக்கோட்டா மலைப்பழம். கொடைக்கானலில் வீட்டுக் கொல்லைகளில் நிற்கும். எலுமிச்சையைவிடச் சின்னதாக, மஞ்சளாக, கொத்துக் கொத்தாகக் காய்க்கும். உள்ளே வழுவழுவென்று மூன்று நாலு கொட்டை இருக்கும். செல்வதுரையின் அக்கா ஜெபகனி கொடைக்கானலில் வாழ்க்கைப்பட்டவர். அவர் வீட்டுக் கொல்லையில் மூன்று மரம் நிற்கிறது. பத்து வருஷத்துக்கு முன்னால் கோடை லீவுக்குப் போன விஜிலா, தின்ற பழத்தின் கொட்டைகளை எல்லாம் கைக்குட்டையில் முடிந்தாளாம். ஜெபகனி சிரித்திருக்கிறார்.

"ஏளா விஜிலா, இது குளிருக்கு உள்ள மரம். தூத்துக்குடி வெக்கையில எங்கன வரும்? அங்கன உடமரந்தான் நிக்கும். ஏன் இந்த மெனக்கெட்ட வேல?"

அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னாராம். ஆனால் விஜிலாவிடம் சிரித்துக்கொண்டு சொன்னது எதுவும் சிரிப்போடு போகாது.

அந்த முதல் வருஷம் ஒன்றுகூட முளைக்கவில்லை. பூசணி விதைக்கும் புடலை விதைக்கும் நாம் செய்வதைத்தான் அவளும் செய்தாள். சாம்பலில் புரட்டி, நிழலில் காய வைத்து, ஒரு மாசம் கழித்து ஊன்றினாள். லக்கோட்டா கொட்டை காய்ந்தால் செத்துப்போகும் என்று பிறகுதான் தெரிந்துகொண்டாள். மறு வருஷம் கொடைக்கானலுக்குப் போய், ஈரப் பஞ்சில் சுற்றி, டிபன் பாக்ஸில் வைத்துக் கொண்டுவந்தாள். வந்த அன்றைக்கே காலி எண்ணெய்ப் பாக்கெட்டுகளில் மண் நிரப்பி இருபத்துமூன்று கொட்டை ஊன்றினாள். எண்ணெய்ப் பாக்கெட் என் கடையில் வாங்கியது. பத்தொன்பது முளைத்தது. ஒரு மாசம் கழித்து ஒருநாள் காலையில் தெருவைத் தாண்டி வந்து, "அண்ணாச்சி, பத்தொம்பது!" என்றாள். நான் முட்டை கேட்கிறாளாக்கும் என்று எண்ண ஆரம்பித்துவிட்டேன்.

பத்தொன்பதில் பதினாறு சித்திரை வெயிலுக்கும் கச்சான் என்கிற மேல்காற்றுக்கும் போயிற்று. மீதி மூன்றுக்குப் பழைய வேட்டியை நாலு கம்பில் கட்டி நிழல் போட்டாள். எங்கள் ஊர் போர்த் தண்ணீரை வாயில் வைக்க முடியாது. அதை ஒரு சொட்டுக்கூட அந்தக் கன்றுகளுக்குக் காட்டவில்லை. மொட்டைமாடி மழைத்தண்ணீரைத் தொட்டியில் பிடித்துவைத்து ஊற்றினாள். அது தீர்ந்தால் ஏசி மெஷினிலிருந்து சொட்டும் தண்ணீர். என் வீட்டு ஏசிக்கடியிலும் ஒரு குடத்தைக் கொண்டுவந்து வைத்துவிட்டாள். சாயங்காலம் ஆபீஸ் முடிந்து வந்து, சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, எங்கள் வீட்டுக் குடத்தை இடுப்பில் வைத்து அவள் தெருவைத் தாண்டுவாள். அந்தக் குடம் நிறைய வேண்டும் என்பதற்காகவே பகவதி மத்தியானத்தில் ஏசியைப் போட்டுப் படுத்தாள். கரண்ட் பில் என் தலையில்.

மூன்று கன்றையும் தரையில் வைத்தாள். இரண்டு வருஷத்துக்கு முந்திய மார்கழி வெள்ளத்தில் எங்கள் தெருவில் இடுப்பளவு தண்ணீர் நின்றதே, அதில் இரண்டு மரம் வேர் அழுகிச் செத்தது. வடகிழக்கு மூலையில், மண்ணை முழங்கால் உயரம் மேடாக்கி வைத்த ஒன்று மட்டும் பிழைத்தது. அதற்கு மேற்கு வெயிலை வீடு மறைக்கும், கடல்காற்றை மதில் மறைக்கும். அவள் இடம் பார்த்து வைத்த அழகு அப்படி. வெள்ளம் வடிந்த அன்று என் கடையில் ஒரு மூட்டை அரிசி மிஞ்சவில்லை. நான் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். அவள் சேற்றுக்குள் நின்று, "ஒண்ணு நிக்கி அண்ணாச்சி, ஒண்ணு நிக்கி!" என்று கத்தினாள். எனக்கு எரிச்சலாகவும் இருந்தது, அவளைப் பார்த்துப் பெருமையாகவும் இருந்தது.

அந்த ஒன்றுதான் போன கார்த்திகையில் பூத்தது. தெருமுனையில் திரும்பும்போதே வாசம் வரும். அதற்கு முந்தின வருஷம் நாலு பூ பூத்து உதிர்ந்தது கணக்கில் இல்லை. இந்தத் தடவை மார்கழியில் பிஞ்சு பிடித்தது. சுண்டைக்காய் அளவில், மேலெல்லாம் பூனை மயிருடன் எண்பத்தாறு பிஞ்சு. எண்ணியது அவள்.

கிறிஸ்துமஸ் ஆராதனை முடிந்து பெண்கள் சங்கத்தில் அவளே எழுந்து சொல்லிவிட்டாள்: "எங்க வீட்டு லக்கோட்டா முதற்பலன் மார்ச்சுல கோயிலுக்கு வரும்." அவர்கள் சபையில் வீட்டில் எது முதலில் காய்த்தாலும் வீட்டார் வாயில் வைப்பதற்கு முன்னால் கோயிலுக்குக் கொண்டுபோக வேண்டும். கத்தரிக்காயானாலும் சரி, கோழி இட்ட முட்டையானாலும் சரி. ஆராதனை முடிந்ததும் அதை ஏலம் விடுவார்கள். அதோடு நின்றாளா? கொடைக்கானலுக்குப் போன் போட்டு, "மதினி, மார்ச் மொத ஞாயித்துக்கெழம இங்கன இருக்கணும். பழம் வைக்கப் போறேன்" என்று சொல்லிவிட்டாள். ஊருக்குச் சொல்லியாயிற்று. மரம்தான் இனி காப்பாற்ற வேண்டும்.

தை பிறந்ததும் பிஞ்சு கொட்ட ஆரம்பித்தது.

ஒருநாள் காலையில் அளத்துக்குப் புறப்பட்ட செல்வதுரை கடையில் வண்டியை நிறுத்தினார்.

"என்ன துரை, மொகம் ஒரு மாதிரி இருக்கு?"

"அவ சாப்பிட மாட்டேங்கா அண்ணாச்சி. நேத்து பதினாலு பிஞ்சு விழுந்துட்டு. இன்னைக்கு ஒம்பது. பொறுக்கித் தட்டுல வச்சுப் பாத்துக்கிட்டே இருக்கா."

"குரும்பை கொட்டுத மாதிரியா?"

"அதே மாதிரிதான்."

"தென்னையில குரும்பை கொட்டுனா என்னவே செய்வோம்?"

செல்வதுரை என்னை ஒரு நிமிஷம் பார்த்தார். "உப்பு வைப்போம்" என்றார்.

"பொறவென்ன? உப்பளத்துல நின்னுக்கிட்டு உப்புக்கு யோசிக்கீரு!"

எங்கள் பக்கத்தில் தென்னங்குழிக்கு உப்பும் சாம்பலும் போடாதவன் கிடையாது. குரும்பை உதிர்ந்தால் தூரைச் சுற்றி உப்பு வைப்போம். என் அப்பா வைத்தார், நான் வைத்தேன், தென்னை காய்த்தது. லக்கோட்டா தென்னை இல்லை என்பது எனக்கும் தோன்றவில்லை, முப்பத்தைந்து வருஷம் உப்பில் நின்ற அந்த மனுஷனுக்கும் தோன்றவில்லை. அவளிடம் சொல்லாமல் செய்து, பிஞ்சு நின்ற பிறகு சொல்ல வேண்டும் என்று அவருக்கு ஆசை. என்னிடமே ஒரு கட்டைப்பை கேட்டு வாங்கிக்கொண்டு போனார். கொடுத்தேன்.

இரண்டு வாரம் போயிருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயில் விட்டு வந்த விஜிலா, உடுத்திய பட்டோடு கையில் ஒரு இலையைப் பிடித்தபடி கடைக்கு வந்தாள். இலையின் ஓரம் முழுக்கக் கருகியிருந்தது.

"அண்ணாச்சி, இதப் பாருங்க. என்னவா இருக்கும்?"

நான் இலையைக் கையில் வாங்காமலே, "வாடைக்காத்து அடிக்கில்லா, அதான்" என்றேன்.

"வாடைன்னா உச்சிக் கொப்புல்லா மொதல்ல கருகணும்? இது அடி இலை."

"தெர்மல் பிளான்ட்டு சாம்பலா இருக்கும்."

"தொடச்சுப் பாத்துட்டேன். போகல. பூச்சியும் இல்ல, பின்னால திருப்பிப் பாத்துட்டேன்."

ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தாள். ஆபீசில் இப்படித்தான் பிடிப்பாள் போலிருக்கிறது. பிறகு திரும்பிப் போனாள். மரத்தடியில் பட்டுச்சேலையோடு குத்தவைத்து உட்கார்ந்து, விரலால் மண்ணைக் கீறுவது கடையிலிருந்து எனக்குத் தெரிந்தது. விரலை நாக்கில் வைத்தாள்.

"என்னங்க! இங்கன வாங்க!"

அந்தச் சத்தத்தில் நான் துவரம்பருப்பு கேட்டவருக்குக் கடலைப்பருப்பைப் போட்டுவிட்டேன். செல்வதுரை பனியனோடு வெளியே வந்தார்.

"இது என்னது?"

"எது?"

"கையில வச்சுருக்கது. பாத்துச் சொல்லுங்க."

கரையாமல் மண்ணுக்குள் கிடந்த ஒரு கல் உப்பு. அவர் வாங்கி வெளிச்சத்தில் பிடித்தார். "நம்ம அளத்து உப்பு" என்றார். "போன ஆவணியில வாருனது. கல்லு தெளிவா இருக்கு பாத்தியா." மாட்டிக்கொண்ட நேரத்திலும் மனுஷன் தொழிலை விடவில்லை.

"எவ்வளவு போட்டிய?"

"மூணு படி."

"ஒரு தரமா?"

"ரெண்டு தரம்."

அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். "ஆறு படி. போர்த் தண்ணியில உப்புன்னுதான ஒம்பது வருசமா எதுத்த வீட்டு ஏசித் தண்ணியச் சொமந்தேன்? எதுக்குச் சொமக்கேன்னு ஒரு நாளாவது யோசிச்சியளா? நான் சொட்டுச் சொட்டா ஒதுக்கி வச்சத நீங்க படியளந்து கொட்டியிருக்கிய! நீங்கல்லாம் உப்புப் போட்டுத்தான சோறு திங்கிய?"

"பிஞ்சு நிக்கட்டும்னுதான்ளா செஞ்சேன். தென்னைக்கு..."

"இது தென்னையா? இதப் பாத்தா ஒங்களுக்குத் தென்னை மாதிரியா இருக்கு? யாரு சொன்னா ஒங்களுக்கு?"

நான் தராசுக்குப் பின்னால் குனிந்துகொண்டேன்.

"யாரும் சொல்லல. நானாத்தான் செஞ்சேன்" என்றார் செல்வதுரை.

அந்த மனுஷன் என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. எனக்கு அது இன்னும் கேவலமாக இருந்தது. அன்றைக்கு அவள் அவருக்கு வைத்த சாளைக் குழம்பில் உப்பே இல்லை. ரசத்திலும் இல்லை. அவரும் தட்டில் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டாராம்.

திங்கட்கிழமை அவள் லீவு போட்டாள். விடிந்ததும் மண்வெட்டியோடு மரத்தடிக்குப் போன செல்வதுரையை மறித்து நின்றாள்.

"தொடாதிய."

"விஜிலா, உப்ப வர வைக்கவும் எனக்குத் தெரியும். வெளிய அனுப்பவும் தெரியும். மழை பேஞ்ச பாத்திய எத்தன வருசம் சரிபண்ணியிருக்கேன். மூணு நாள் குடு."

"நீங்க செஞ்சது போதும்."

"சரி. என்னயவிட உப்பத் தெரிஞ்ச ஆளு இந்த ஊருல யாரு இருக்கான்னு சொல்லு, போயிக் கூட்டிட்டு வாரேன்."

அவள் மரத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு விலகினாள். "ஒரு வேர் அறுபட்டாலும் நான் மனுசியா இருக்க மாட்டேன்" என்றாள்.

நான் காலையில் கடை திறக்காமல் நின்றதைப் பகவதி கவனித்துவிட்டாள். "ஒங்க மூஞ்சியே சொல்லுதே. நீங்கதான சொல்லிக்குடுத்திய?" என்றாள். முப்பது வருஷம் குடும்பம் நடத்தினால் இதுதான் கஷ்டம். "போங்க. போயி ஒரு கை குடுங்க. இங்கன நின்னு என்ன செய்யப் போறிய?"

போனேன். செல்வதுரை வேலை செய்து நான் அதற்கு முன் பார்த்ததில்லை. மண்வெட்டியை வைத்துவிட்டுக் கையாலேயே மேல்மண்ணை நாலு விரல் ஆழத்துக்கு வழித்தார். வெளியே தெரிந்த ஒவ்வொரு சல்லிவேரையும் ஈரச்சாக்கால் மூடினார். வழித்த மண்ணை நான் சாக்கில் கட்டி வெளியே இழுத்தேன். பிறகு மரத்தைச் சுற்றி வட்டமாக வரப்பு கட்டி, சேற்றைக் குழைத்து, உள்ளங்கையால் தட்டித் தட்டி மெழுகினார். மேட்டுக்கு வெளியே ஆழமாக ஒரு குழி வெட்டி, வரப்பிலிருந்து அதற்கு ஒரு மடை வைத்தார். சின்ன உப்புப் பாத்தியேதான். தண்ணீரைக் கட்டி, உப்பை ஊறவிட்டு, குழிக்கு வடித்து, குழியிலிருந்து வாளியால் தெருச் சாக்கடைக்கு ஊற்ற வேண்டும். வேர் மூச்சுவிட அரைநாள் விட்டு மறுபடியும் கட்ட வேண்டும். நின்ற தண்ணீரும் இந்த மரத்துக்கு ஆகாது என்று விஜிலா திரும்பத் திரும்பச் சொன்னாள். அவரும் தலையாட்டிக் கேட்டார்.

ஆனால் தண்ணீர்? தொட்டியில் இருந்த மழைத்தண்ணீர் ஒரு கட்டுக்குக்கூடக் காணாது. விஜிலா போன் போட்டு லாரித் தண்ணீர் சொன்னாள். ஆத்தூர்ப் பக்கத்து ஆற்றுத்தண்ணீர். லாரி டிரைவர் சுடலைக்கண்ணன் ஹோசைத் தூக்கிக்கொண்டு வந்து நாலு பக்கமும் பார்த்தான்.

"யக்கா, வீட்டுல விசேசமா? பந்தலக் காணோம்?"

"விசேசமில்ல. மரத்துக்கு."

"மரத்துக்கா! யக்கா, இந்தத் தண்ணிக்கு அங்கன மூணு தெரு அடிச்சுக்கிட்டு நிக்கி. நீங்க மரத்தக் குளிப்பாட்டப் போறியளா?"

"ஆமா, குளிப்பாட்டத்தான் போறேன். மெதுவா விடு. மண்ணப் பறிக்காம விடு."

அவன் முதலில் சிரித்தான். கதையைக் கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. "ஆறு படியா! என்ன அண்ணாச்சி நீங்க, கருவாடா போடுதிய?" என்று செல்வதுரையிடம் கேட்டுவிட்டு, தானே ஹோசின் வாயைத் துணியால் கட்டி, அரைமணி நேரத்தில் போக வேண்டியவன் இரண்டு மணி நேரம் உட்கார்ந்து மெதுவாக விட்டான்.

முதல் வடியாக வந்த தண்ணீரைச் செல்வதுரை ஒரு செம்பில் பிடித்தார். அளத்திலிருந்து டிகிரிக் குழாயைக் கொண்டுவந்திருந்தார். உப்புத்தண்ணீரில் மிதக்கவிட்டால் எத்தனை உப்பு என்று எண்ணில் காட்டும் கண்ணாடிக் குழாய் அது. பாத்தியில் இருபத்துநாலு காட்டினால் உப்பு விளையும் என்பார்கள். மிதக்கவிட்டுப் பார்த்தார். குழாயைத் தூக்கித் துடைத்து மறுபடியும் மிதக்கவிட்டார்.

"எவ்வளவுங்க?" என்றாள் விஜிலா. முந்தின நாளுக்குப் பிறகு அவரிடம் அவள் கேட்ட முதல் கேள்வி.

"ரெண்டரை."

"கடல் தண்ணி எவ்வளவு?"

"மூணு."

எதிர்வீட்டுத் தோட்டத்தில் நான் கடலையே கொண்டுவந்து விட்டிருக்கிறேன். அதற்குமேல் எனக்குத் தாங்கவில்லை. "விஜிலா, உப்பு வைக்கச் சொன்னது நான்தான்" என்றேன். "துரை மேல தப்பில்ல. தென்னைக் கதையெல்லாம் நான் சொன்னது."

அவள் வாளியைக் கீழே வைக்காமலே சொன்னாள்: "தெரியும் அண்ணாச்சி. ஒங்க கடப்பேரு போட்ட பையி மதிலோரமா கெடந்துச்சே. நேத்தே பாத்துட்டேன்."

"பொறவு ஏன் கேக்கல?"

"நீங்களா வாரியளான்னு பாத்தேன். இந்தாங்க, இத அங்கன ஊத்திட்டு வாங்க."

வாங்கிக்கொண்டு போய் ஊற்றினேன். அன்றைக்கு எத்தனை வாளி ஊற்றினேன் என்று என் இடுப்புக்குத்தான் தெரியும்.

இரண்டாம் நாள் வடியில் குழாய் ஒன்று காட்டியது. அன்று சாயங்காலம் அரை. மூன்றாம் நாள் காலையில் குழாய் எதுவும் சொல்லவில்லை. "இனி இது பேசாது. நாக்குதான்" என்றார் செல்வதுரை. கலங்கிய தண்ணீரைக் கையில் ஏந்தி வாயில் வைத்துத் துப்பினார். "நல்ல தண்ணி."

"ஒங்க நாக்க யாரு நம்புவா?" என்றாள் விஜிலா. "கொழம்புல எவ்வளவு போட்டாலும் பத்தலங்குத நாக்கு." அவளும் ஏந்தி வாயில் வைத்தாள். முகம் சுளித்தது. "கரிக்கு."

"எங்கன கரிக்கு? மண்ணு ருசிளா அது."

"கரிக்குங்கேன்! அண்ணாச்சி, நீங்க சொல்லுங்க."

மறுபடியும் தண்ணீர் கொண்டுவந்திருந்த சுடலைக்கண்ணன் சிரிப்பை அடக்க முடியாமல் லாரிக்குப் பின்னால் போய்விட்டான். நான் வாயில் வைத்தேன். சேறு, வேர், கொஞ்சம் கரிப்பு. "கரிக்கத்தான் செய்யுது" என்றேன். செல்வதுரை மடையை அடைத்து மறுபடி தண்ணீர் கட்டினார். நாலு தடவை கட்டிய பிறகுதான் விஜிலா, "ம்" என்றாள். அன்று மத்தியானம் அவர் இலையில் உப்பு விழுந்தது. ஒரு வாய் வைத்துவிட்டு நிமிர்ந்து அவளைப் பார்த்தாராம். "என்ன பாக்கிய? சாப்பிடுங்க" என்றாளாம். பகவதியிடம் அவளே சொன்னது.

ஆனால் மரம் உடனே தெளிந்துவிடவில்லை. அடி இலை முழுக்கக் கொட்டியது. எண்பத்தாறு பிஞ்சில் பதினொன்று மிஞ்சியது, பிறகு எட்டு. செல்வதுரை தினம் காலையில் அளத்துக்குப் போகுமுன் மரத்தடியில் பத்து நிமிஷம் நிற்பார். மேல்மண்ணுக்குப் பதிலாகத் தாமிரபரணிக் கரையிலிருந்து நல்ல வண்டல் கொண்டுவந்து போட்டார், தென்னை நார்த்தூளைப் பரப்பினார். விஜிலா ஜெபத்தில் இருந்தாள். நான் முருகனிடம் சொல்லிவைத்தேன். யார் செய்தார் என்று எனக்குத் தெரியாது. மாசி முதல் வாரத்தில் உச்சிக் கொப்பில் வெள்ளையாக மயிர் படர்ந்த ஒரு துளிர் எட்டிப் பார்த்தது. கடைக்கு எதிரே தெருவில் நின்று செல்வதுரை வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு கத்தினார்: "அண்ணாச்சி! விட்டுட்டு! கொழுந்து விட்டுட்டு!" அந்த மனுஷன் உரக்கப் பேசி நான் கேட்டது அன்றுதான். எனக்குக் கண் கலங்கிவிட்டது. மிளகாய்வற்றல் மூட்டை பிரித்திருந்தேன் என்று பகவதியிடம் சொன்னேன்.

எட்டுப் பிஞ்சையும் விஜிலா பழைய கொசுவலையில் பை தைத்துக் கட்டினாள். அதையும் கடித்து அணில் இரண்டைக் கொண்டுபோயிற்று. மார்ச் முதல் ஞாயிற்றுக்கிழமைக்கு முந்தின நாள் ஜெபகனி பஸ்ஸில் வந்து இறங்கினார். பெட்டியை வாசலில் வைத்துவிட்டு நேரே மரத்தடிக்குப் போனார். எழுபதை நெருங்கின உடம்பு. கழுத்தை அண்ணாந்து வெகுநேரம் பார்த்தார். ஒரு இலையைத் திருப்பித் தடவினார்.

"ஏளா, நெசமாவே நிக்கே!" என்றார்.

"போன்ல நான் பொய்யா சொன்னேன் மதினி?"

"பொய்யின்னு நெனைக்கல. எலுமிச்சம்பழத்த கட்டித் தொங்கவிட்டிருப்பியோன்னு நெனச்சேன்."

அதற்கும் விஜிலா சிரிக்கவில்லை. உப்புக் கதையைச் செல்வதுரைதான் அக்காவிடம் சொன்னார். ஒன்றையும் மறைக்காமல், என் பெயரையும் சேர்த்து. ஜெபகனி கடைக்கு வந்து என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, ஒரு சோப்பு மட்டும் வாங்கிக்கொண்டு போனார்.

மறுநாள் நானும் பகவதியும் கோயிலுக்குப் போய்க் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தோம். பீடத்துக்கு முன்னால் முருங்கைக்காய்க் கட்டு, பூசணி, கட்டிப்போட்ட சேவல், ஒரு தட்டு முட்டை. அதற்கெல்லாம் நடுவில் வெள்ளைத் துணி விரித்த எவர்சில்வர் தட்டில் இரண்டே இரண்டு லக்கோட்டா. முதலில் பழுத்தது அதுதான். மீதி நாலு மரத்தில் பாதிப் பழுப்பில் நின்றது. அந்த இரண்டும் கொஞ்சம் சின்னதுதான். ஒன்றில் தழும்புகூட இருந்தது. ஆனால் என்ன மஞ்சள்! விஜிலா அந்தத் தட்டை ஏந்திக்கொண்டு நடந்தபோது சபை முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நானும் முதுகை நிமிர்த்தி உட்கார்ந்தேன். அதில் என் வாளியும் உண்டே.

ஆராதனை முடிந்து வெளியே வேப்பமரத்தடியில் பெஞ்சு போட்டு ஏலம். ஏலம் கூறியவர் கமிட்டியில் இருக்கும் கிங்ஸ்டன். கோழி போயிற்று, பூசணி போயிற்று. லக்கோட்டா தட்டைத் தூக்கினார்.

"நம்ம தூத்துக்குடி மண்ணுல வெளைஞ்ச மலைப்பழம்! ஒம்பது வருசத்து உழைப்பு! யாரு கேக்குதா?"

நான் கேட்டேன். பாவம் செய்தவன் நான், எடுக்க வேண்டியவனும் நான் என்று தீர்மானித்துத்தான் போயிருந்தேன். முன்வரிசையிலிருந்து ஒரு குரல் என் தொகைக்கு மேலே கேட்டது. ஜெபகனி. நான் ஏற்றினேன். அவர் ஏற்றினார். பகவதி என் தொடையைக் கிள்ளினாள். நான் மறுபடியும் ஏற்றினேன். தொகையைச் சொல்ல மாட்டேன்; அந்தப் பணத்துக்குக் கொடைக்கானலில் ஒரு கூடை வாங்கலாம். ஜெபகனி எழுந்து என் பக்கம் திரும்பினார்.

"அண்ணாச்சி, ஒங்க உப்பத்தான் போட்டுட்டியள்லா, பொறவென்ன? கையக் கீழ போடுங்க. இது எங்க வீட்டுப் பழம்."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. நான் கையைக் கீழே போட்டேன். கிங்ஸ்டன் விடாமல், "என்னம்மா, ஒங்க கொல்லையில மூணு மரம் நிக்கின்னு கேள்விப்பட்டேன்?" என்றார்.

"நிக்கத்தான் செய்யுது. அது அங்கன சும்மா நின்னாலே காய்க்கும். அதுல என்ன இருக்கு? இது என் தம்பி பெண்டாட்டி தூத்துக்குடியில காய்க்க வச்சது. நீரு ஏலத்தச் சொல்லும் வே."

மூன்று தரம் சொல்லித் தட்டைக் கொடுத்தார். ஜெபகனி ஒரு பழத்தை எடுத்து முந்தானையில் துடைத்தார். தோலை உரிக்கவில்லை. அப்படியே கடித்தார். அவ்வளவு பேரும் அவர் வாயைப் பார்த்தோம். விஜிலா ஒரு அடி முன்னால் வந்தாள். முதல் கடியில் ஜெபகனிக்கு ஒரு கண் மூடிக்கொண்டது.

"புளிக்கா மதினி?"

"புளிக்கு" என்றார் ஜெபகனி. மென்றார். இன்னொரு கடி கடித்தார். "நல்லா புளிக்கு. பின்னால இனிக்கு."

செல்வதுரை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். "யக்கா," என்றார், "உப்பு கரிக்கா?"

ஜெபகனி கடைசிச் சதையையும் தின்று, மூன்று கொட்டையை உள்ளங்கையில் துப்பி, தம்பியைப் பார்த்தார்.

"ஒரு பொட்டு இல்லலே."

செல்வதுரை அங்கேயே, சபையார் முன்னால், இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டார். விஜிலா அவர் தோளைப் பிடித்தாள். பிறகு தட்டில் மிச்சமிருந்த ஒரு பழத்தைப் பார்த்தாள். ஒன்பது வருஷம் வளர்த்தவள், தன் மரத்துப் பழத்தின் ருசி இன்னும் தெரியாதவள், வெட்கப்பட்டுக்கொண்டே கையை நீட்டினாள்.

"மதினி, எனக்கு ஒரு கடி தாங்களேன்."

ஜெபகனி அந்தப் பழத்தைக் கைக்குட்டையில் வைத்து நாலு முடிச்சுப் போட்டுப் பைக்குள் வைத்துக்கொண்டார்.

"தர மாட்டேன். இது நான் ஏலத்துல எடுத்தது, எங்க தெருவுல காட்டணும். ஒனக்கென்ன, மரம் நிக்கில்லா? போயிப் பறிச்சுத் தின்னு."

விஜிலா நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். நிமிர்ந்து நின்றாள். சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து நான் பார்த்ததே கிடையாது.

"ஆமா மதினி," என்றாள், கோயில் வளாகம் முழுக்கக் கேட்கிற மாதிரி. "எனக்கு மரம் நிக்கி."